மருதுக்குக் கிழக்கே

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அச்சில் இருந்தால் நம்பிவிடுகிறார்கள். வழி தெரிந்தவன் வாயால் சொன்னால் காதில் ஏறாது. காகிதத்தில் கறுப்பாக நாலு வரி இருந்தால் போதும். மூணாறு பக்கம் தேயிலைக் காட்டில் ஒருவன் சீசாவில் மருந்து விற்கிறான். மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தைக் காட்டித்தான் விற்கிறான். உள்ளே இருப்பதை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக் குடிக்கிறார்கள். நீங்களும் அந்த ரகம்தான். காலையிலிருந்து நான் பேசியதை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவரும் கேட்கவில்லை. ரைட்டர் பேனாவைத் தொட்ட பிறகுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள்.

மொழி கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். வாக்குமூலத்துக்கு மலையாளத்தில் அப்படிப் பெயராம். கொடுக்கிறேன். என்னிடம் இருக்கிற மொழி தமிழ். நீங்கள் எழுதுகிறது வேறு. அது உங்கள் பாடு.

என் பெயர் பெரியமுத்து. ஊர் மறையூர். பொதிமாடு ஓட்டிப் பிழைத்தவன். கீழே உடுமலைப்பேட்டையிலிருந்து உப்பும் அரிசியும் ஏற்றி வருவேன். திரும்பும்போது எங்கள் ஊர் வெல்லத்தை இறக்கிக்கொண்டு போவேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. கரும்புக் காட்டு ஓரத்தில் வீடு. மாடு செருமினால்தான் அந்த வீட்டில் ஒரு சத்தம்.

வழியில் பேச ஆள் இல்லாதவன் பாடுவான். நானும் பாடினேன். எந்த மேட்டில் மாடு மூச்சு வாங்கும், எந்தச் சுனையில் தண்ணீர் வற்றாது, ஆனை எங்கே இறங்கும், ஆற்றை எங்கே கடக்க வேண்டும், எல்லாவற்றையும் சிந்தாகக் கட்டினேன். கூட ஒரு பெண் நடந்து வருகிற மாதிரியும், அவளுக்கு வழி சொல்கிற மாதிரியும் பாடுவது. யாரும் கூட வரவில்லை. பாட்டுக்கு அப்படி ஒருத்தி வேண்டும்.

என் பின்னால் வந்த பொதிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து கூலியாட்கள், கூலியாட்களிடமிருந்து பழனிக்குப் போகிறவர்கள். ஒரு தைப்பூசத்துக்குப் பழனி போயிருந்தபோது ஒருவன் சாக்கை விரித்துப் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தான். கையில் ஒன்றைப் பிடித்து ராகம் போட்டுப் பாடினான். என் பாட்டு. மேட்டையும் சுனையையும் மாற்றி வைத்திருந்தான், ஆனாலும் என் பாட்டு.

"இது நான் கட்டினதுய்யா" என்றேன்.

"அப்படியா பெரியவரே. அட்டையில வேற பேரு போட்டிருக்கே. உம்ம பேரு எங்க இருக்கு, தொட்டுக் காட்டும்."

எனக்கு அப்போது என் பெயரைக்கூட அடையாளம் தெரியாது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தாத்தா, முருகன் சிலைகூட நீங்க செஞ்சதுதானே?" என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன். என் பாட்டு, என் பெயர், என் புத்தகம். இடையில் எவனும் கூடாது.

அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் அவன் அதை வைத்துக்கொள்ள மாட்டான் என்று என்ன உறுதி? அதனால் அச்சுக்கூடத்தையே மலைக்குக் கொண்டு வந்தேன். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவனுக்கு என்னென்ன வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, நான் சொல்கிறேன். கையால் இழுத்து அழுத்துகிற இரும்பு யந்திரம் ஒன்று வேண்டும். ஈயத்தில் வார்த்த எழுத்து வேண்டும், அதைப் போட்டு வைக்க அறை அறையாகத் தடுத்த பெட்டி வேண்டும். மை, மையைத் தடவ உருளை, ஈரம் படாத காகிதம். கடைசியாக, எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள். ஈயத்தில் எழுத்து இடம் வலமாக மாறித்தான் இருக்கும். மற்றதையெல்லாம் மாட்டின் மேல் ஏற்றலாம். அந்த ஆளை மட்டும் நம்பித்தான் அழைத்து வர வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன அச்சுக்கூடம் மூடிக் கிடந்தது. என் கரும்புக் காட்டை விற்று அதை வாங்கினேன். யந்திரத்தைக் கழற்றித் துண்டு துண்டாகப் பொதியில் கட்டினேன். அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த சூசையப்பன் வேலை போய் உட்கார்ந்திருந்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரன். கூப்பிட்டதும் வந்துவிட்டான். சித்திரை வெயிலில் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே கல் மேல் கால் வைத்துத் தாண்டினான். எந்த இடத்தில் தாண்டினோம் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காலமும் இல்லை அது.

நல்ல வேலைக்காரன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவன் ஆவேன். மை தடவுகிற உருளை வரும் வழியில் உருகிப் போயிருந்தது. வச்சிரப் பசையும் வெல்லமும் காய்ச்சி வார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்றான். எங்கள் ஊரில் வெல்லத்துக்கா பஞ்சம். வார்த்து முடித்துத் தொங்கவிட்டோம். மறுநாள் பார்த்தால் உருளை முழுக்க எறும்பு.

"ஏனுங்க பெரியவரே, உங்க ஊருல எறும்புக்கெல்லாம் படிப்பு ஜாஸ்திங்களா?"

"ஏம்ப்பா?"

"நாம அடிக்கறதுக்கு முன்னாலயே வந்து படிக்குதுங்களே."

நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

நான் பாடுவேன், அவன் கோப்பான். ஒரு அடி பாடி நிறுத்த வேண்டும். அவன் விரல் பெட்டியில் அலையும். ஒவ்வொரு எழுத்தும் கையிலிருக்கிற தகட்டில் டக்கென்று உட்காரும். பிறகு, "ம், சொல்லுங்க" என்பான். என் பாட்டை அவ்வளவு மெதுவாக, ஒரு எழுத்து விடாமல் யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டிகூடக் கேட்டதில்லை. சாயங்காலம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கஞ்சி வைப்பேன்.

முதல் பக்கம் அடித்து முடித்ததும், கட்டி வைத்திருந்த எழுத்தையெல்லாம் பிரித்துப் பெட்டியில் போட ஆரம்பித்தான்.

"ஏய், என்னப்பா, பாட்டக் கலைக்கிறே?"

"எழுத்து இவ்வளவுதானுங்க இருக்குது. இதைப் பிரிச்சாத்தான் அடுத்த பக்கம் கோக்க முடியும்."

நான் கட்டின மேடும் சுனையும் அவன் விரல் இடுக்கில் உதிர்ந்து விழுந்தன. அன்றையிலிருந்து அவன் மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

வாங்கின எழுத்து பழசு, அதிலும் குறை. சில அறையில் கொஞ்சம்தான் கிடந்தது. ஆற்றுப் பாட்டு வரும்போது நான் மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் வரை வந்து கேட்டான்.

"பெரியவரே, ற தீந்துபோச்சுங்க. ஒரு வார்த்தையை மாத்திக்கட்டுங்களா? ஓசை கெடாதுங்க."

"ஓசை கெடாம இருந்தாச் சரி" என்று சொன்னேன் போலிருக்கிறது. பிறகு வாசித்துக் காட்டியபோது அவன் அப்படித்தான் சொன்னான். மாட்டின் காலைப் பிடித்திருக்கிறவன் ஒரு எழுத்தைப் பற்றி என்ன யோசிப்பான்.

என் பெயரை அடையாளம் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தான். தன் பெயரையும் கோத்து விளையாட்டாகக் காட்டினான். சூ என்ற எழுத்து கொஞ்சம் கோணலானது, மறக்காது. வைகாசி, ஆனி இரண்டும் அப்படிப் போயின. ஆடி பிறந்தது. புத்தகம் தைத்து முடிந்தது.

கையில் வாங்கினேன். அட்டையில் பெரிய எழுத்தில் என் பெயர். விரலால் தடவினேன். பிறகு திருப்பினேன். கடைசிப் பக்கத்து அடியில், பொடி எழுத்தில், அந்தக் கோணல் சூ.

"இது யாரு?"

"நாந்தானுங்க. அச்சிட்டவர் சூசையப்பன்."

"எம் பாட்டுல உம்பேரு எதுக்கு?"

"அடிச்சவன் பேரு இல்லாம புஸ்தகம் வெளிய போகப்படாதுங்க. சர்க்கார் சட்டமுங்க அது."

சரி என்றேன். சட்டம் என்று சொல்லி எதைத்தான் செய்ய முடியாது. பழனியில் அட்டையில் பெயர் போட்டுக்கொண்டவனும் ஏதோ ஒரு சட்டம் வைத்திருப்பான். இன்றைக்குக் கடைசிப் பக்கத்தில் பொடியாக இருக்கிற பெயர் நாளைக்கு அட்டைக்கு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அதற்கு முந்தின நாள்தான், வேலை முடிந்தது, ஊருக்குப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். தேய்ந்த எழுத்தையெல்லாம் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் கொடுத்துப் புதிதாக வார்த்து, ற நிறைய வாங்கிக்கொண்டு, தை மாதம் திரும்பி வந்து இரண்டாம் பதிப்பு போடலாம் என்றான். போகிறவன் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்வான். அவன் போவதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முழுசும் வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தான். ஆற்றுப் பாட்டில் நான் கட்டினது இது:

ஆறு குறுக்கிடும் அஞ்சாதே கண்ணே - கரும்
பாறைக்கு மேற்கே பதம்பார்த்துக் கால்வையடி.

அவன் வாசித்தது வேறு. "மருதுக்குக் கிழக்கே மலர்போலக் கால்வையடி" என்றான். பாறைக்கும் மேற்குக்கும் ற வேண்டும்; மருதுக்கும் கிழக்குக்கும் வேண்டாம். வேறு பாட்டில் ஆற்றங்கரை மருதமரம் வந்திருந்தது, அதிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டான். மருது, மலர் என்று மோனைகூடப் பார்த்திருந்தான்.

கரும்பாறைக்கு மேற்கே ஆறு அகலம். எந்த மழையிலும் இடுப்பைத் தாண்டாது. மருதுக்குக் கிழக்கே கசம். தண்ணீர் அங்கே ஓடாமல் நிற்பது போலத் தோன்றும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் முழங்கால்தான். அதற்கப்புறம் அடி கிடையாது. கீழே சுழித்துக்கொண்டு போகும். மாட்டையே விழுங்கியிருக்கிறது.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அடியை மனதுக்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசை கெடவில்லை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று சொல்பவர்களும் இருப்பார்கள்.

அவனை வழியனுப்ப நானும் கூடப் போனேன். எழுத்து மூட்டையை மாடு சுமந்து வந்தது. ஆற்றில் செந்தண்ணீர். மேற்கே மலையில் நல்ல மழை. மருதமரத்துப் பக்கம் போனதும் மாடு காலை ஊன்றி நின்றுவிட்டது. வாலை முறுக்கியும் பார்த்தேன், அசையவில்லை. மாட்டுக்குப் படிக்கத் தெரியாது.

"மாடு எறங்காது. மூட்டையை நீதான் கொண்டு போகணும் தம்பி" என்றேன். முதுகில் வைத்து, தோளில் இரண்டு சுற்று, மார்பில் ஒரு முடிச்சு போட்டேன். பொதிமுடிச்சு. மாடு படுத்துப் புரண்டாலும் அவிழக் கூடாது என்பதற்காகப் போடுவது. நான் இடது கைக்காரன். என் முடிச்சு இடமாகச் சுற்றும். அதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். சரியாகத்தான் பிடித்தீர்கள்.

"எங்கீங்க எறங்கறது?" என்று கேட்டான்.

"புஸ்தகத்துல இருக்குமே. பாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கோத்ததை என்னையே படிக்கச் சொல்றீங்க" என்றான். புத்தகத்தை எடுக்கக்கூட இல்லை, மனப்பாடம். அந்த அடியை ராகத்தோடு பாடிக்கொண்டே இறங்கினான். நான் அவனைத் தள்ளவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. முழங்கால் வரை பாடினான். பிறகு பாட்டு நின்றது. இரண்டு கையும் மார்புக்குப் போய் முடிச்சைத் தேடின. ஒரு எழுத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஈயம் சேர்ந்தால் அப்படி இல்லை. என்னைப் பார்த்து, "பெரியவரே" என்றான். ஏனுங்க என்று சொல்லவில்லை. வெறுமனே பெரியவரே.

மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யந்திரம் இருந்தது, காகிதம் இருந்தது. சத்தம் இல்லை. ஒரு நாள் வெற்றுத் தகட்டை எடுத்து, தரையில் சிந்திக் கிடந்த எழுத்து ஒன்றிரண்டைப் பொறுக்கி, டக், டக் என்று போட்டுப் பார்த்தேன். அந்தச் சத்தம் வரவில்லை. அவன் எப்படியோ விரலைச் சாய்த்துப் போடுவான்.

ஐப்பசி மழையில் அவன் பெண்டாட்டி கத்தரீனாள் வந்தாள். அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறானாம்; அவனிடம் வந்து விசாரித்துவிட்டு, மூணாறு வழியாக எங்கள் ஊருக்கு இறங்கியிருந்தாள். எங்கள் ஆற்றை அவள் பார்த்ததில்லை.

"எங்க ஊட்டுக்காரரு இங்கீங்களா இருக்காரு?"

"ஆடியிலேயே போயிட்டானேம்மா."

"ஊடு வந்து சேரலீங்களே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி கொடுத்தேன். குடித்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள். யந்திரத்துப் பக்கத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"அவுரு பேரு போட்டிருக்குதுங்க. காலமெல்லாம் அடுத்தவங்க பேரையே கோத்தவருங்க. எம்பேரு ஒரு நாள் அச்சுல வரும் பாருடின்னு சொல்லுவாரு."

"பாட்டு என்னுது. அவன் பேரு எதுக்கு அதுல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாலியில ஆசாரி குறி போட்டிருக்காருன்னா ஆசாரியா மாப்பிள்ளைங்க? அடிச்சவரு பேரு போட்டே ஆகோணும். உங்க பேருதான் முன்னால கொட்டையாப் போட்டிருக்குதுங்களே." அவளுக்கும் அதே பேச்சு. புருஷன் பெண்டாட்டி ஒரே மாதிரித்தானே பேசுவார்கள். நான் நம்பவில்லை.

இந்தப் பக்கமாகவே இறங்கி, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்றாள். வழி கேட்டாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். கரும்பாறைக்கு மேற்கே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். கூடவே நடந்திருக்கலாம், அன்றைக்கு முழங்கால் வலி. அதற்குள் அவள் புத்தகத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் நன்றாக இருந்தது. என் பாட்டில் நடந்து வருகிற பெண்ணுக்குக் குரல் இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆற்றுப் பாட்டில் நின்றாள். திரும்பவும் பாடினாள்.

"எல்லாமே நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த அடி இருக்குது பாருங்க, மலர்போலக் கால்வையடிங்கறது, இதுதானுங்க உசுரு. இதை எப்படிங்க கட்டுனீங்க?"

அவள் குடித்து வைத்த கஞ்சிக் கலயத்தை எடுத்துக் கவிழ்த்தேன்.

"வழியெல்லாம் அதுலேயே இருக்கும்மா. எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

கும்பிட்டுவிட்டு, நனையாமல் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். கரும்பு வளைவு வரை பாட்டுக் கேட்டது.

நீங்கள் சூசையப்பனைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். அவன்தான் கீழே கரை ஒதுங்கினான், முடிச்சோடு. கத்தரீனாள் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. சூசையப்பனைக் கொன்றது நான். அவன் பெண்டாட்டிக்கு நான் ஒரு புத்தகம்தான் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

அவ்வளவுதான். வாசித்துக் காட்டுகிறீர்களா? காட்டுங்கள்.

ம். என் பெயர் காதில் விழுந்தது. மறையூர் என்றது விழுந்தது. மற்றது உங்களுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். தாளைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். அடியில் என்ன அது, தனியாக ஒரு வரி? பெயர் மாதிரி இருக்கிறதே.

"அது எண்டெ பேரு. பறஞ்ஞது நிங்ஙள், எழுதியது ஞான். சட்டம் அங்ஙனெயாணு" என்கிறார் ரைட்டர்.

சொன்னது நான். செய்தது நான். எழுதியது மட்டும் இவராம். சட்டமாம். இதே சட்டத்தைத்தான் அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். மூன்று பேரும் எங்கே கூடிப் பேசிக்கொண்டார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

மையை இப்படித் தள்ளுங்கள். கைநாட்டுதானே, வைத்துவிட்டேன். எழுந்துகொள்கிறேன். பிடிக்க வேண்டாம், எனக்கு நடக்கத் தெரியும். இந்த மலையெல்லாம் நான் நடந்து தேய்த்த வழிதான். பாடிக்கொண்டு போகலாமா? யாருக்கும் தொந்தரவு இல்லையே.

மருதுக்குக் கிழக்கே மலர்போலக் கால்வையடி. கேட்டீர்களா. ஒரு எழுத்து பிசகாமல் நான் கட்டினது.